தறிச் சத்தமும் காதும்: பஞ்சு போதுமா, எந்த பிளக், எப்படி மாட்டுவது?

கேட்கப்பட்டது இது: பள்ளிபாளையம் பக்கம் 24 சாதாத் தறி ஓடும் கூடம். 12 மணி நேர ஷிப்டு, ஆளுக்கு ஆறு தறி. ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போனால் காதில் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல், காலையில் எழுந்தால் சரியாகிவிடுகிறது. கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் ஓட்டுகிறார்கள். இது போதுமா, வேறு என்ன வாங்குவது, காது ஏற்கெனவே கெட்டுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பஞ்சு போதாது. அது சில டெசிபல்தான் குறைக்கும். தேவை நுரை இயர் பிளக். அதை முழு ஆழத்துக்கு மாட்ட வேண்டும், ஷிப்டு முழுக்கக் கழற்றாமல் இருக்க வேண்டும். இரைச்சல் வர ஆரம்பித்துவிட்டதால் காது சோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் அந்த 'காலையில் சரியாகிவிடுகிறது' என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் ஏமாற்றுவதே அதுதான். உள்காதில் நத்தை வடிவக் குழலுக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புக்கு மாற்றிக் கொடுப்பது அவைதான். அளவு மீறிய சத்தத்தில் அவை சோர்ந்துபோகும். ஓய்வு கிடைத்தால் பெரும்பகுதி தேறும். மாலை மந்தமும் இரைச்சலும் காலையில் போவது இதனால்தான். ஆனால் தினமும் அதே அடி விழுந்தால் சில செல்கள் தேறாமல் செத்துவிடும். செத்த செல் மனிதக் காதில் மறுபடி முளைப்பதில்லை. எந்த மருந்தும் அறுவைசிகிச்சையும் அதைத் திரும்பக் கொண்டுவராது. 2009இல் ஹார்வர்டில் எலிகளில் செய்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: சோதனையில் கேள்திறன் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும், செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பெரும்பங்கு நிரந்தரமாக அறுந்து போயிருந்தது. அதனால் மாலை இரைச்சலை 'இன்று அளவு மீறிவிட்டது' என்று காது தரும் கணக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தால் வரும் சேதம் முதலில் விழுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது 3000 முதல் 6000 வரை. பேச்சில் உயிரெழுத்துகளின் பலமெல்லாம் இதற்குக் கீழே இருக்கிறது. 'ச', 'ஸ', 'ஷ', 'த', 'ட' போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டும் கூறுகள் மேலே இருக்கின்றன. அதனால்தான் தறி ஓட்டி வயதானவர்கள் 'காது கேட்கவில்லை' என்று சொல்வதைவிட, 'பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் பிடிபடல' என்று சொல்வார்கள். மனைவி, பேரப்பிள்ளை குரல் முதலில் நழுவும். கல்யாண வீட்டு இரைச்சலில் எதிரே நிற்பவர் பேசுவது புரியாது. டிவி சத்தம் ஏறிக்கொண்டே போகும்.

இது மெதுவாக, கடைசிக் காலத்தில் வருவது என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரச் சணல் நெசவாலைகளில், 100 டெசிபலை ஒட்டிய சத்தத்தில் வேலை செய்த நெசவாளர்களைச் சோதித்து 1965இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 4000 ஹெர்ட்ஸில் இழப்பின் பெரும்பகுதி முதல் 10, 15 ஆண்டுகளுக்குள்ளேயே நடந்து முடிந்திருந்தது. பேச்சுக்கு முக்கியமான 2000 ஹெர்ட்ஸுக்கு அது இறங்கி வந்தது அதற்குப் பிறகு. ஆகவே உங்கள் கூடத்தில் காதடைப்பு மிக அவசரமாகத் தேவைப்படுவது 20 வயதில் புதிதாக ஏறியிருக்கும் பையனுக்குத்தான். ஆனால் 'எனக்கு நல்லாத்தானே கேக்குது' என்று முதலில் பிளக்கைக் கழற்றுபவனும் அவன்தான்.

இனி அளவுகள். டெசிபல் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. 3 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு. இதன் மறுபக்கம்: 24 தறியில் 12ஐ நிறுத்தினாலும் கூடத்தின் சத்தம் ஏறத்தாழ 3 டெசிபல்தான் இறங்கும். நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை) பாயும் சாதாத் தறிக் கூடங்களில் 95ஐத் தாண்டுவது வழக்கம். தறி நெருக்கமாகவும் சுவர் கெட்டியாகவும் இருந்தால் 100ஐத் தொடும். உங்களுடையதை 98 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன்.

இந்தியத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. 5 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும்: 95 என்றால் 4 மணி, 100 என்றால் 2 மணி, 105 என்றால் 1 மணி. 115க்கு மேல் காப்பில்லாமல் ஒரு நொடியும் கூடாது. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998இல் தந்த பரிந்துரை இதைவிடக் கண்டிப்பானது: 8 மணிக்கு 85, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. அதே நிறுவனத்தின் மதிப்பீட்டில், 40 ஆண்டு வேலை வாழ்க்கையில் 90 டெசிபலில் இருப்பவர்களில் நான்கில் ஒருவருக்குச் சத்தத்தாலேயே பேச்சைப் பாதிக்கும் அளவு இழப்பு வரும்; 85இல் அது நூற்றுக்கு 8. சட்டத்தின் 90 என்பது தண்டனையிலிருந்து முதலாளியைக் காக்கும் எல்லை. காதுக்கு நான் 85ஐத்தான் எல்லையாகச் சொல்வேன்.

98இல் வைத்துப் பாருங்கள். இந்திய அட்டவணைப்படி ஒரு நாளில் இருக்கத்தக்க நேரம் இரண்டரை மணியைவிடச் சற்று அதிகம். நியோஷ் கணக்கில் 24 நிமிடம். 12 மணி ஷிப்டு என்றால் ஒரு நாள் பங்கைப்போல 30 மடங்கு. ஷிப்டு 12 மணி என்பதால் எல்லையும் 85இலிருந்து 83க்கு இறங்குகிறது. ஓய்வு நேரம் குறைவதால் காது தேறவும் அவகாசமில்லை. அதாவது உங்கள் காதுக்குள் போகும் சத்தத்தை 98இலிருந்து 83க்காவது இறக்க வேண்டும். தேவை 15 டெசிபல். ஒழுங்காக மாட்டிய பிளக் ஒன்று இதைத் தாராளமாகச் செய்யும். ஒழுங்காக மாட்டாதது செய்யாது.

அளப்பதற்குக் காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தால் 85ஐ ஒட்டியிருக்கிறது. ஒரு மீட்டரிலேயே கத்த வேண்டியிருந்தால் 90. தறிக்கூடத்தில் காதோடு வாய் வைத்துத்தான் பேசுகிறோம், விடை அதிலேயே இருக்கிறது. கைபேசிச் செயலிகளில் ஐபோனுக்காக நியோஷ் வெளியிட்ட இலவசச் செயலி நம்பத்தக்கது, 2 டெசிபல் கூடவோ குறையவோ காட்டலாம், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு போன்களில் மைக் போனுக்குப் போன் மாறுவதால், செயலி காட்டும் எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முறையாக அளப்பதென்றால் இரண்டாம் வகுப்பு சவுண்ட் லெவல் மீட்டர், 'ஏ' அளவுமுறை (காது கேட்பதுபோல ஒலியை எடைபோடுவது), 'ஸ்லோ' நிலை. அளக்கும் முன் 94 டெசிபல் காலிபிரேட்டரில் சரிபார்க்க வேண்டும். தறி ஓட்டுபவர் நிற்கும் இடத்தில், அவர் காது உயரத்தில், காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஐந்து நிமிடமாவது ஓடவிட வேண்டும். வாசலில் நின்று எடுத்த அளவு எதற்கும் பயன்படாது.

சத்தத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பதுதான் முதல் வேலை. காதில் மாட்டுவது அதற்குப் பின்தான் வர வேண்டும். சாதாத் தறியில் பெரிய சத்தம் இரண்டு அடிகளிலிருந்து வருகிறது: பிக்கர் நாடாவை அடிப்பது, பறந்து வந்த நாடா எதிர்ப் பெட்டியில் மோதி நிற்பது. நாடா பெட்டிக்குள் போய்ச் சேராமல் தறி 'டப்' என்று நின்றுவிடுகிறதே என்று, பிக்கிங் அடியைத் தேவைக்கு மேல் கூட்டி வைப்பது வழக்கம். அதிக வேகத்தில் வந்த நாடா பெட்டிச் சுவரில் மோதித் துள்ளும். சத்தமும் கூடும், பிக்கரும் நாடா முனையும் சீக்கிரம் தேயும். அடியைக் கூட்டும் முன் பெட்டியின் பிடிப்பு, தேய்ந்த பிக்கர், கிழிந்த பஃபர் (மோதலைத் தாங்கும் மெத்தை) ஆகியவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

அடுத்தது பல்சக்கரம். தேய்ந்த வார்ப்பிரும்புச் சக்கரங்கள் பல்லுக்குப் பல் இடைவெளி விட்டு ஒன்றையொன்று தட்டிக்கொண்டே ஓடும். ஜோடியில் ஒன்றை நைலான் சக்கரமாக மாற்றினால் அந்தத் தட்டல் நன்றாக அடங்கும். கிராங்க் ஷாஃப்ட்டின் புஷ் தேய்ந்து ஆடினால், நூலை அடித்து நெருக்கும் பலகை ஒவ்வொரு அடிக்கும் கூடவே இன்னொரு உதை உதைக்கும். தளர்ந்த நட்டு, கலகலக்கும் தகர மூடி இதெல்லாம் ஒரு ஸ்பேனர் வேலை. ஒவ்வொன்றும் தனியாக அரை டெசிபல், ஒரு டெசிபல்தான். எல்லாம் சேர்ந்து 3 கிடைத்தால் அது ஆற்றலில் பாதி. பிளக்கைக் கழற்றியிருக்கும் நிமிடங்களிலும் வேலை செய்யும் குறைப்பு அது ஒன்றுதான்.

தறியின் காலடியில் ரப்பர் மேட் போடச் சொல்வார்கள். தரை அதிர்வும் பக்கத்து வீட்டுத் தொந்தரவும் குறையும், அதற்காகப் போடலாம். கூடத்துக்குள் நிற்பவர் காதுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை அடித்தால் தறியிலிருந்து தள்ளி நிற்பவருக்கு 3 முதல் 5 டெசிபல் இறங்கலாம். இரண்டு தறிக்கு நடுவில் நிற்பவருக்குச் சத்தம் நேராக வருகிறது, கூரையில் பட்டு வருவதல்ல. அவருக்கு லாபம் குறைவு. செய்வதென்றால் 50 மில்லிமீட்டர் ராக் வுல், கண்ணாடித் துணி சுற்றியது. முட்டை அட்டையும் தெர்மாகோலும் சத்தத்தை உறிஞ்சுவதில்லை. பஞ்சுத் தூசு பறக்கும் கூடத்தில் தெர்மாகோல் ஒட்டுவது தீயை அழைத்து வைப்பது, தயவுசெய்து வேண்டாம். கம்ப்ரசரையும் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் குச்சி) சுற்றும் மெஷினையும் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளுவது இதைவிடச் செலவு குறைந்தது, பலனும் உண்டு. தறியைத் துடைக்கும் ஏர் கன் மறந்துபோகிற எதிரி: காதுக்கு அருகே பிடித்தால் தறியையே மிஞ்சும். காற்றழுத்தத்தை 2 பாருக்கு இறக்கி, சத்தம் குறைக்கும் நாசில் மாட்டுங்கள்.

இடைவேளை விட்டால் போதாதா என்று கேட்பார்கள். 12 மணியில் ஒரு மணி நேரம் வெளியே உட்கார்ந்தால் சராசரி குறைவது அரை டெசிபல்கூட இல்லை. பாதி நேரம் வேறு வேலைக்கு மாற்றினால்தான் 3. ஆனாலும் சாப்பாட்டையும் டீயையும் கூடத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம். பிளக்கைக் கழற்றி ஓய்வெடுக்க ஓர் அமைதியான இடம் இருந்தால்தான் மீதி நேரம் அதை மாட்டியிருக்க மனசு வரும்.

இப்போது பிளக். பாக்கெட்டில், எவ்வளவு சத்தம் குறையும் என்பதைக் காட்ட, என்.ஆர்.ஆர். 29, 33 என்றோ, எஸ்.என்.ஆர். 37 என்றோ எண் இருக்கும். இவை ஆய்வகத்தில், சொல்லிக்கொடுத்து மாட்டிய காதுகளில் எடுத்த எண்கள். என்.ஆர்.ஆர்., எஸ்.என்.ஆர். இரண்டும் வேறு வேறு முறைகள். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு 37தான் பெரிது என்று வாங்கக் கூடாது. 'ஏ' அளவுமுறையில் எடுத்த கூடத்துச் சத்தத்தோடு சேர்க்கும்போது என்.ஆர்.ஆரிலிருந்து 7ஐக் கழிக்க வேண்டும். 29 என்றால் 22. நடைமுறையில் மாட்டும் குறைகளுக்காக அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா அதையும் பாதியாக்கி 11 என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. 98இலிருந்து 22 போனால் 76, நிம்மதி. 11 போனால் 87, எல்லைக்கு மேல். ஒரே பிளக், ஒரே பாக்கெட். வித்தியாசம் மாட்டுகிற விதத்தில் மட்டும். அதனால் 29க்கும் 33க்கும் அலைவதை விடுங்கள். இந்தியத் தரமான ஐ.எஸ். 9167 அல்லது ஐரோப்பியத் தரமான ஈ.என். 352 குறியுள்ள, உங்கள் காதுத் துளைக்குப் பொருந்தும் பிளக் எதுவானாலும் போதும். துளை சிறிதாக இருக்கும் பெண்களுக்குச் சிறிய அளவு தனியாகக் கிடைக்கிறது. பெரியதைத் திணித்து வலியோடு இருப்பவர் பத்து நிமிடத்தில் கழற்றிவிடுவார். கயிறு கோத்த பிளக் தொலையாது, ஆனால் கிராங்கும் பெல்ட்டும் சுற்றும் இடத்தில் கழுத்தில் தொங்கும் கயிறு ஆபத்து. கயிறில்லாததை வாங்குங்கள்.

மாட்டும் முறை. கூடத்துக்கு வெளியே நின்று, கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். எண்ணெய்க் கையோடு மாட்டினால் காதில் புண் வரும். பிளக்கை இரு விரல்களுக்கிடையில் வைத்து, முனையிலிருந்து மெல்ல உருட்டி, மடிப்பு விழாமல் அகர்பத்திக் குச்சிபோல ஒல்லியாக்குங்கள். நசுக்கினால் மடிப்பு விழும். மடிப்பு வழியே சத்தம் நுழையும். வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். காதுத் துளை நேராக இல்லை, வளைந்திருக்கிறது, இழுத்தால்தான் நேராகும். இந்த ஒரு அசைவைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். இழுத்தபடியே பிளக்கை உள்ளே செலுத்தி, விரல் நுனியால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே அது விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். உடனே விரலை எடுத்தால் விரிகிற வேகத்தில் தானே வெளியே நகர்ந்துவிடும்.

சரிபார்க்க: எதிரே நிற்பவர் நேராகப் பார்த்தால் பிளக் அனேகமாகத் தெரியக் கூடாது. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது அலங்காரம்தான். உங்கள் குரல் உங்களுக்கே பானைக்குள் பேசுவதுபோல கனமாகக் கேட்க வேண்டும், இரு காதிலும் ஒரேபோல. தறி ஓடும்போது இரு உள்ளங்கையாலும் காதை இறுக மூடி எடுத்துப் பாருங்கள். மூடும்போது சத்தம் பெரிதாகக் குறைந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை. கழற்றி மறுபடி மாட்டுங்கள். பேசும்போதும் வெற்றிலை மெல்லும்போதும் தாடை அசைந்து பிளக் மெல்ல வெளியே வரும், இரண்டு மணிக்கொருமுறை பார்க்க வேண்டும். கழற்றும்போது மெல்லத் திருகி எடுங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் உள்ளே காற்று உறிஞ்சி செவிப்பறை வலிக்கும்.

நுரை பிளக் தோய்த்துப் பயன்படுத்துவதற்கல்ல. அழுக்கேறினால், விறைத்தால், உருட்டியபின் மெதுவாக விரியாமல் போனால் வீசிவிடுங்கள். தறிக்கூடத்தில் ஒன்றிரண்டு நாள்தான் வரும். மூன்று அடுக்கு சிலிகான் பிளக்கை மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் படக் கூடாது.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது: எவ்வளவு நேரம் மாட்டியிருக்கிறோம் என்பது. 22 டெசிபல் குறைக்கும்படி அருமையாக மாட்டிய பிளக் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மணி ஷிப்டில் மொத்தமாகப் பத்து நிமிடம் கூடத்துக்குள் கழற்றியிருந்தால், அந்த நாள் முழுமைக்கும் கிடைத்த பலன் 17ஆக விழுகிறது. அரை மணி நேரம் கழற்றினால் 13. ஒரு மணி என்றால் பத்தரை. இரண்டு மணி என்றால் ஏழரை. நமக்குத் தேவை 15 என்று மேலே பார்த்தோம். கால் மணி, இருபது நிமிடத்திலேயே அது கைநழுவுகிறது. போன் வந்தது, மேஸ்திரி கூப்பிட்டார், காது வேர்த்தது என்று ஐந்தைந்து நிமிடமாகக் கழற்றுவதில்தான் காது போகிறது. என்.ஆர்.ஆர். 33ஐ எட்டு மணி நேரம் மாட்டுபவரைவிட, 25ஐ 12 மணி நேரமும் மாட்டுபவரின் காது பிழைக்கும்.

ஏன் கழற்றுகிறார்கள் என்று பார்த்தால், முதலாவது பேச்சு. பேச வேண்டுமென்றால் வாசலுக்கு வெளியே போய்க் கழற்றுங்கள். உள்ளே கைச்சாடையும் உதட்டசைவும் போதும். லங்காஷயர் ஆலை நெசவாளர்கள் இதற்கென்றே ஒரு முழுப் பேச்சுமுறை வைத்திருந்தார்கள், நம் கூடங்களிலும் பாதி வேலை சாடையில்தான் நடக்கிறது. பிளக் மாட்டிப் பேசும்போது தன் குரல் தனக்குப் பெரிதாகக் கேட்பதால் எல்லோரும் மெல்லப் பேசத் தொடங்குவார்கள். வேண்டுமென்றே குரலை உயர்த்த வேண்டும்.

இரண்டாவது, 'தறிச் சத்தம் மாறினா தெரியாது' என்ற பயம். இது நியாயமான பயம், ஏனென்றால் பாவு (நீளவாக்கு நூல்) அறுந்ததையும் நாடா தடுமாறுவதையும் காதால்தான் பிடிக்கிறார்கள். பிளக் தறியின் ஓசையையும் பின்னணி இரைச்சலையும் சேர்த்தே குறைக்கிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கும். மிகுசத்தத்தில் திணறும் காது குறைந்த சத்தத்தில் வித்தியாசத்தை நன்றாகவே பிரிக்கும். பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். காது ஏற்கெனவே கெட்டவருக்கு மட்டும் இது சிரமம். அவருக்கு எல்லா அலைவரிசையையும் ஒரே அளவில் குறைக்கும் வகை பிளக் பொருத்தம். காதுக்குள் 75க்கும் 80க்கும் நடுவே இருப்பது நல்ல இலக்கு. 70க்குக் கீழே போனால் தனித்துவிட்ட உணர்வு வந்து கழற்றத் தோன்றும், எச்சரிக்கைக் குரலும் கேட்காது.

இயர் மஃப் பற்றி: மாட்டுவது எளிது, சரியாக மாட்டியிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே 12 மணி நேரம் தாங்குவது கடினம். குஷனுக்கும் தோலுக்கும் நடுவே எது வந்தாலும் சத்தம் கசியும்: கண்ணாடிக் காம்பு, ஜிமிக்கி, துப்பட்டா, காதோரம் சரியும் பூச்சரம். குஷன் விறைத்தாலோ வெடித்தாலோ மாற்ற வேண்டும். காதில் சீழ் வடிபவர், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர் பிளக் போடக் கூடாது, அவர்களுக்கு மஃப்தான். 100ஐத் தாண்டும் இடத்தில் பிளக்கின் மேல் மஃப்பும் போடலாம். இரண்டின் எண்களையும் கூட்டிக் கணக்குப் போடக் கூடாது. பெரிய எண்ணோடு 5 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

புளூடூத் மாட்டிப் பாட்டுக் கேட்டால் தறிச் சத்தம் தெரியவில்லை என்று சொல்பவர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள். 98 டெசிபலுக்கு மேல் பாட்டுக் கேட்கிறது என்றால் பாட்டு அந்த அளவுக்குக் காதுக்குள் ஒலிக்கிறது. இரண்டு சத்தமும் சேர்ந்தே அடிக்கிறது.

சோதனைக்கு வருவோம். பெயர் பியூர் டோன் ஆடியோமெட்ரி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளிலும் செய்வார்கள். முந்தின 14 மணி நேரம் தறிச் சத்தத்தில் இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் தற்காலிக மந்தமும் கணக்கில் ஏறிவிடும். வார விடுமுறைக்கு மறுநாள் காலை, வேலைக்குப் போகும் முன் செய்வது சரி. குறும்பியை முதலில் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். பட்ஸ் போட்டுக் குடைந்தால் அது இன்னும் உள்ளேதான் போகும். 500 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை எடுக்க வேண்டும், அதில் 3000மும் 6000மும் விடுபடக் கூடாது. தறி வேலை என்பதைச் சொல்லுங்கள். வரைபடத்தில் இரண்டு காதிலும் 4000ஐ ஒட்டி ஒரு பள்ளம் விழுந்து 8000இல் மறுபடி ஏறினால் அது சத்தத்தின் கையெழுத்து. முதல் வரைபடத்தைப் பத்திரமாக வைத்து ஆண்டுதோறும் ஒப்பிட வேண்டும். 2000, 3000, 4000 மூன்றின் சராசரி முதல் அளவைவிட 10 டெசிபல் கெட்டிருந்தால், பேச்சில் ஒன்றும் தெரியாவிட்டாலும், பிளக்கையும் மாட்டும் முறையையும் அன்றே மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஒரு காதில் மட்டும் மந்தம், தலைசுற்றல், சீழ் என்றால் தறியின்மேல் பழி போட்டுச் சும்மா இருக்காதீர்கள், வேறு காரணம் இருக்கலாம். திடீரென்று ஒரே நாளில் ஒரு காது அடைத்துவிட்டால் அது அவசரம். அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். காய்ச்சிய எண்ணெய் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த நாட்கள் போய்விடும். காசநோய்க்கோ வேறு தொற்றுக்கோ ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின், ஜென்டமைசின் ஊசி போடச் சொன்னால், சத்தத்தில் வேலை செய்கிறேன் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவையும் அதே மயிர்ச்செல்களைத்தான் தாக்குகின்றன.

வீட்டோடு சேர்ந்த தறி என்றால் குழந்தையின் தொட்டிலை அந்த அறையில் கட்டாதீர்கள். சுவரும் மூடிய கதவும் இடையில் இருக்கட்டும். கர்ப்பிணிகளின் காதில் இருக்கும் பிளக் தாய்க்கு மட்டுமே காப்பு. ஐந்தாம் மாதத்துக்குப் பின் வயிற்றிலுள்ள குழந்தைக்கும் சத்தம் எட்டுகிறது; அவர்களைத் தறியிலிருந்து தார் சுற்றும் பக்கமோ மடிப்பு வேலைக்கோ மாற்றுவது நல்லது.

சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்; 2025 நவம்பர் வரை அது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. இ.எஸ்.ஐ.க்கும் தொழிலாளர் இழப்பீட்டுக்கும் அது தொழில்நோய். குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். கோருவதென்றால் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த வரைபடமும், கூடத்தின் சத்த அளவும், எந்தத் தேதியிலிருந்து வேலை என்பதற்கான சம்பளச் சீட்டோ இ.எஸ்.ஐ. பதிவோ தேவைப்படும். சிறு கூடங்களில் இந்த மூன்றும் இருப்பதில்லை. எழுதி வைக்க யாரும் சொல்லமாட்டார்கள், நீங்களே கேட்டு வாங்கி நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.